எட்டாவது நட்டுக்கு மஞ்சள் கோடு

முந்தின நாள் சாயங்காலம் மாரிசெல்வி காருக்கு அடியில் படுத்து எட்டு நட்டுகளை முறுக்கினாள். ஒவ்வொன்றையும் முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடுவரை வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்தாள். ஆறு வருஷம் கம்பெனியில் பழகிய பழக்கம். நட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இடதுகைக்காரி என்பதால் அவள் கோடு எப்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எட்டு நட், எட்டு வெள்ளைக் கோடு. மறுநாள் மத்தியானம் டிபன் கடை வேலை முடிந்து வந்து, ஷெட்டைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி அடியில் நுழைந்தபோது, ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

அவளிடம் மஞ்சள் மார்க்கர் கிடையாது.

தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. ஷெட்டுக்குள் கிரீஸும் துருவும் வெல்டு வைத்த தகரத்தின் கருகல் வாடையும் எப்போதும் இருப்பவைதான். அவற்றுக்கு அடியில் இன்று இன்னொரு வாசனை இருந்தது, மார்க்கர் மையின் காட்டமும் வெல்லப்பாகின் இனிப்பும் கலந்த வாசனை. அந்தக் கலவை அவளுக்குத் தெரியும். தெரியும் என்று ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் கோபம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துகொள்வது அவளுடைய பிறவிக் குணம். எவனோ விளையாடுகிறான் என்று முடிவுகட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரம்மாவைத் தேடிப் போனாள்.

மண்ணூரில் அவள் குடியிருந்த பின்கட்டு அறையும், அதை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டும் ஞானம்மாவுடையவை. காலையில் அவள் இட்லி ஊற்றும் டிபன் கடையும் ஞானம்மாவுடையதுதான். ஷெட்டுக்கு இன்னொரு சாவி அவளிடம் இருந்தது.

“யக்கா, ஷெட்டுக்குள்ள யாரும் போனாங்களா?”

“யார் போவாங்க? அந்தக் காரப் பாத்தாலே எனுக்கு வயித்தக் கலக்குது. முன்னால ஓடுற வண்டியப் பின்னால ஓட வெக்கிறேன்னு கூறு போட்டு வெச்சிகினு கீற. போலீஸ் வந்தா நான் இன்னான்னு சொல்றது?”

“பின்னால ஓடாதுக்கா. முன்னாலதான் ஓடும். இதுவரைக்கும் முன் சக்கரம் இழுத்துட்டுப் போச்சு. இனிமே பின் சக்கரம் தள்ளிட்டுப் போவும்.”

“இழுத்தா இன்னா, தள்ளுனா இன்னா? போற ஊரு ஒண்ணுதானே?”

மாரிசெல்வி சிரித்துவிட்டாள். சாவி, சாமான் அலமாரி ஆணியில் நூலாம்படையோடு தொங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டாள். அதை யாரும் தொட்டு மாதக்கணக்காகியிருக்கும்.

அந்தச் சின்னக் கார் பதினெட்டு வருஷப் பழசு. எஞ்சின் குறுக்குவாட்டில் கிடந்து முன் சக்கரங்களைச் சுழற்றும்படி பிறந்த வண்டி. அதை அவள் எலும்புவரை பிரித்தாள். ஒரு பழைய வேனின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நீளவாட்டில் உட்காரவைத்தாள். தரைத் தகட்டை நடுவில் வெட்டி மேடு எழுப்பி வெல்டு வைத்து, அதற்கு அடியில் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பின்னுக்கு ஓட்டினாள். அந்த வேனின் பின் ஆக்ஸிலையே பட்டை ஸ்பிரிங்கில் வைத்துக் கட்டினாள். ஆக்ஸிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நான்கு யூ போல்ட்டுகள், அவற்றின் எட்டு நட்டுகள். இதற்கெல்லாம் அவளுக்கு நாலு மாதம் ஆனது.

இது வேலையற்றவள் பொழுதுபோக்கு என்று தெருவில் பேச்சு. அவளுக்கோ இதுதான் பிழைப்பு. பென்னலூரில் ரேஸ் கார்களைத் தயார்செய்யும் பட்டறை வைத்திருக்கும் சண்முகசுந்தரத்திடம் அவள் வேலை கேட்டுப் போனபோது, அவர் அவள் நீட்டிய காகிதங்களைப் பிரிக்கவே இல்லை.

“பேப்பர்ல இன்னா எழுதிக்கிறான்னு எனக்கு வாணாம்மா. நீயே ஒரு குட்டிக் காரப் பேக் வீல்ல ஓடுற மாதிரி பண்ணி எடுத்துக்கினு வா. தீவாளி கழிஞ்ச ரெண்டாவது சனிக்கிழம, சாயங்காலம் ஏழுக்கு ஷட்டர இறக்கிடுவேன். அதுக்குள்ள வந்தா வேல உனக்கு. இல்லன்னா திங்கக்கிழம வேற ஆள் சேர்றான்.”

அந்தச் சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. பென்னலூரும் கைவிட்டால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை அவளை உள்ளே விட ஒரு கம்பெனி கேட்டும் மிச்சமில்லை. அவள் கை சரியில்லை என்று பெயராகிவிட்டது.

பெயர் கெட்ட கதை இதுதான். ஒரகடத்தில் வேன் செய்யும் ஒரு கம்பெனியில், பின் ஆக்ஸில் லைனில், அவள் பதினாலாவது ஸ்டேஷன். எட்டு நட்டையும் முறுக்கி வெள்ளைக் கோடு போடுவது அவள் வேலை. பதினைந்தாவது ஸ்டேஷனில் உச்சிமாகாளி. அவள் ஊர்ப்பக்கம், கோவில்பட்டிக்காரன். அவளைவிட இரண்டு வயது இளையவன். எந்நேரமும் கன்னத்தில் கடலைமிட்டாயை அதக்கிக்கொண்டிருப்பான். அவள் முறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் அவன் டார்க் ரெஞ்சை வைத்து அழுத்த வேண்டும். இறுக்கம் சரியாக இருந்தால் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும். பிறகுதான் அவன் மஞ்சள் கோடு போட வேண்டும். இரண்டு கோடும் விழுந்தால்தான் வண்டி அடுத்த இடத்துக்கு நகரும். போன மார்ச்சில் ஒருநாள், டெஸ்ட் டிரைவருக்குத் துணையாள் வரவில்லை என்று இவனைப் பக்கத்து சீட்டில் ஏற்றி அனுப்பினார்கள். கம்பெனிக்குள்ளேயே இருந்த மேடுபள்ள ரோட்டில் எட்டாவது நட் கழன்று, ஆக்ஸில் திரும்பி, வேன் உருண்டது. டிரைவர் பிழைத்துக்கொண்டார். உச்சிமாகாளிக்குக் கழுத்து முறிந்தது.

விசாரணையில் மாரிசெல்வி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் முறுக்கிவிட்டுத்தான் கோடு போட்டேன், மஞ்சள் கோடு அவன் போட்டது. செத்தவன் எழுந்து வந்தா பதில் சொல்லப்போகிறான்? பழியில் பாதி அவன் பெயரில் எழுதப்பட்டது. மீதிப் பாதிக்காக, வேலையை விடுகிறேன் என்று அவளையே எழுதிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

புதன்கிழமை அவள் மஞ்சளைத் தின்னர் ஊற்றித் துடைத்தாள். புதுப் பூட்டு வாங்கி, அதன் இரண்டு சாவியையும் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை மத்தியானம் திறந்து பார்த்தபோது மஞ்சள் முன்பைவிடத் தடித்திருந்தது. அவளுடைய வெள்ளையை மட்டும் யாரும் தொடவில்லை.

“நல்லாருக்குல,” என்று யாருமில்லாத ஷெட்டைப் பார்த்துச் சொன்னாள். “சம்பளம் கேக்காத இன்ஸ்பெக்டர் கெடச்சாச்சு.”

குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தபோது கொஞ்சம் நடுங்கியிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நாலு போல்ட்டையும் வேண்டுமென்றே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு முறுக்கினாள்.

அன்று நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவள் அறையில் சுவரில் சாய்ந்து தட்டில் பழைய குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ஷெட். ஆஸ்பெஸ்டாஸில் மழை சடசடத்தது, தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஞானம்மா யாரையோ போனில் வைதாள்; இத்தனை சத்தத்துக்கும் கீழே, மழைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிதானத்தோடு, சுவருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம் வந்தது.

டக்.

கை சோற்றிலேயே நின்றது. தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது எண்ணியதும் இன்னொரு டக். மறுபடி ஒன்பது. எட்டு முறை. எட்டு ஒன்பது எழுபத்திரண்டு. லைனில் ஒரு வண்டிக்குக் கொடுத்திருந்த நேரம் எழுபத்திரண்டு நொடி. பிறகு வண்டி நகரும் அளவுக்கு ஒரு இடைவெளி. பிறகு முதலிலிருந்து.

கழுவாத கையோடு ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே யாருமில்லை. கார் தாங்கிகளின் மேல் அசையாமல் நின்றது. ஷாஃப்டின் நாலு போல்ட்டிலும் மஞ்சள் மை ஈரமாக மின்னியது. அவள் ஸ்பேனர்களை வைக்கும் சாக்கின் மேல் ஒரு கடலைப் பருப்பு, பாதி கடித்தது, எச்சில் பிசுபிசுப்போடு கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பதிலுக்கு ஒரு வேலை செய்தாள். பட்டப்பகல், மழை விட்டிருந்தது, தெருவில் பள்ளிக்கூட வேன்கள் போய்க்கொண்டிருந்தன. எட்டாவது நட்டைத் தளர்த்தி விரலாலேயே சுற்றும் அளவுக்கு விட்டாள். பழைய கோடுகளைத் துடைத்தாள். முறுக்கி முடித்ததுபோல அதன்மேல் அழகாக ஒரு புது வெள்ளைக் கோடு இழுத்தாள். ஷெட்டைப் பூட்டிவிட்டு, கதவில் காதை வைத்து நின்றாள். ‘பாப்போம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு. ஒன்பது நொடி தவறாமல். ஏழுவரை வந்தது.

எட்டாவதற்கு டக் வரவில்லை. ரெஞ்ச் பிடிப்பில்லாமல் சுற்றும் கர்ர்ர் என்ற ஓசை. நின்றது. மறுபடி கர்ர்ர். பிறகு நீளமான மௌனம், கதவுக்கு அந்தப்பக்கம் இன்னொரு காது இதே பலகையில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

திறந்தாள். காருக்கு அடியில் ஏழு நட்டுகளில் மஞ்சள் புதிதாக ஏறியிருந்தது. எட்டாவது யூ போல்ட் முனை வெறுமையாக இருந்தது. அதன் நட் கீழே கிடந்தது. கிடந்தது என்று சொல்லக் கூடாது, வைக்கப்பட்டிருந்தது. அவள் தலைவைத்துப் படுக்கும் சாக்கில், பிடரி படும் இடத்தில், நேர்நடுவில்.

வந்தது கோபமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

“இப்பப் பாக்கத் தெரியுதுல்லா?” என்று கத்தினாள். “ரெஞ்ச வெச்சு, ஒவ்வொண்ணா, அழகாப் பாக்கத் தெரியுதுல்லா? அன்னைக்கு ஏம்ல பாக்கல? அன்னைக்கு மட்டும் பாத்திருந்தா நீயும் இருப்ப, நானும் இருப்பேன்லா!”

அதற்கான பதில் அவளிடம்தான் இருந்தது. எட்டு மாதமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஷிஃப்ட் முடிகிற கடைசி அரைமணியில் முதல் பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் பறப்பார்கள். இரண்டாவது பஸ் என்றால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அதனால் லைனில் ஒரு குறுக்குவழி உண்டு, முன்கோடு என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நட்டுக்கும் மார்க்கரைத் திறந்து மூடாமல், எட்டுக்கும் கோட்டை முதலில் இழுத்துவிட்டு, அப்புறம் வரிசையாக முறுக்கிக்கொண்டு போவது. அவள் அதில் கெட்டிக்காரி. அது போதாதென்று அடுத்த ஸ்டேஷனையும் கெடுத்தாள். ‘மாகாளி, நான் போட்டாப் போட்டதுதாம்ல. நீ ரெஞ்ச வெச்சிட்டுக் கெடக்காத, கோட்ட மட்டும் இழு. மொத பஸ்ஸப் பிடிப்போம்.’ அவன் மிட்டாயைக் கன்னம் மாற்றிக்கொண்டு சிரிப்பான். ‘நீ சொன்னாச் சரிதான்க்கா.’ பிறகு உருண்ட அந்த வேனில், எட்டு கோடும் போட்டு, ஏழு நட் முறுக்கியிருந்தபோது சங்கு ஊதியது. அவள் ரெஞ்சைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் காலை அவன் அவள் கோட்டை நம்பி, ரெஞ்சை வைக்காமல் மஞ்சளை இழுத்தான்.

நட்டைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அது ஐஸ்போலச் சில்லிட்டிருந்தது.

“பயந்து ஓடுவேன்னு பாக்காத,” என்றாள், இப்போது மெதுவாக. “நாளைக்கு இந்த வண்டி பென்னலூர் போவும். நீ பாத்துக்கிட்டே இரு.”

நட்டைப் போட்டு, டக் வரும்வரை முறுக்கினாள். அதற்கப்புறம்தான் கோடு போட்டாள். ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது எட்டாவதிலும் மஞ்சள் விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்தது. ஞானம்மா தெருவாசலில் குடையோடு நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். மாரிசெல்வி கிளட்சை விட்டதும் வண்டி நகர்ந்தது. முன்னால் இருந்து யாரும் இழுக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை பொறுமையாக, அழுத்தமாகத் தள்ளியது. இதைத்தான் நாலு மாதமாகக் கனவு கண்டாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. தூறலில் கம்பெனி பஸ்களின் விளக்குகள் கண்ணாடியில் கலங்கி வழிந்தன. ரோட்டோரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்ஸில் ஏறி இறங்கும் சத்தத்தை அவள் காதால் அல்ல, இடுப்பால் கேட்டாள். எல்லாம் இறுக்கமாக இருந்தது. பாதி வழியில் வெல்லப்பாகு வாசனை வந்தது. எடை குறைக்க அவள் பக்கத்து சீட்டைக் கழற்றி ஷெட்டிலேயே போட்டிருந்தாள். அந்தப் பக்கம் வெறும் தகடுதான். பெல்ட் மட்டும் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அது தொங்கவில்லை.

ஓரக்கண்ணில் தெரிந்தது. பெல்ட் குறுக்கே இழுபட்டு, கொக்கியில் மாட்டியிருந்தது. காற்றைச் சுற்றி. ஒரு மார்பின் வளைவில். மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டு.

அவள் திரும்பவில்லை. கியரை மாற்றினாள்.

“ஏழுக்கு மேல முறுக்கல,” என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. “சங்கு ஊதிட்டு, ஓடிட்டேன். உன் மேல பழியப் போட்டேன். போதுமா? இத எங்க வேணும்னாலும் சொல்லுதேன். ஆனா வண்டிய நிறுத்த மாட்டேன்.”

பக்கத்தில் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. நின்றது.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பட்டறைக்குள் வண்டியை விட்டாள். சண்முகசுந்தரம் டார்ச்சோடு பின்பக்கம் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டு கோடு கீதே. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு யாரு? செக் பண்ணது யாரு?”

“உச்சிமாகாளி, அண்ணாச்சி.”

“கெட்டியான ஆளுதான். ஒரு நட் அசையல.” அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். “திங்கக்கிழம எட்டுக்கு வந்துடு. வண்டி நனையாம அப்புடி ஓரமாப் போடு, நான் உள்ள லைட்ட அணைச்சிட்டு வர்றேன்.”

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டாள். காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள், சிரிப்பு உதட்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. பட்டறை டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடி வழியாக அவள் கைமேல் விழுந்தது.

இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு.

வலது மணிக்கட்டிலும். மடித்துவிட்ட சட்டைக் கையை ஏற்றினாள். முழங்கைகளில், மூட்டு மடியும் இடத்தில், ஒவ்வொன்று. பேன்ட்டுக்குள் இரண்டு முழங்காலிலும் மை குளிர்ந்து இழுத்தது. இடுப்பில் ஒன்று. எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தவை. அவளுடைய கோடுதான். அவள் போடவில்லை.

கதவைத் திறக்கக் கை நீட்டினாள். கை நீளவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நட்டைப் பிடிப்பதுபோல.

டக்.

எலும்பு கொஞ்சம் திரும்பி, நின்றது. வெள்ளைக்குக் குறுக்கே மஞ்சள் மெதுவாக ஊர்ந்தது.

அவள் எண்ணினாள். ஒன்பது.

டக். வலது மணிக்கட்டு.

ஒன்பது. முழங்கை. ஒன்பது. முழங்கை. வலித்தது. கத்தவில்லை. கத்தமாட்டாள். முழங்கால். முழங்கால்.

“பாரு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “நல்லாப் பாருல.”

இடுப்பு. டக். ஏழு.

அப்போது எங்கோ ஒரு கம்பெனியில் ஏழு மணிச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் அவர்கள் இருவரும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அவள் காத்திருந்தாள். பக்கத்துப் பெல்ட் அவிழவில்லை. மெல்லும் சத்தமும் நின்றிருந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். கழுத்தில், தொண்டைக்குப் பக்கத்தில், எட்டாவது வெள்ளைக் கோடு. இடப்பக்கம் சாய்ந்து, அழகாக. அது முறுக்கிய பிறகு போட்டதா, முன்னாலேயே போட்டதா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

பிடரியில் ரெஞ்சின் சில்லிட்ட வாய் வந்து பொருந்தியது. அவன் இப்போதெல்லாம் பார்க்காமல் கோடு போடுவதில்லை.